குதிகால் ஊன்றும் நாளை யார் சொல்வது?

சாரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்து, தகடு வைத்துத் தைத்து வார்டுக்குக் கொண்டுவரப்பட்டவர் கண் விழித்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எப்போ டாக்டர் வேலைக்குப் போகலாம்?" வலி எப்போது குறையும், தகட்டை எடுக்க வேண்டுமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். "மூணு மாசம் ஆகும், பார்க்கலாம்" என்று பதில் வருகிறது. அந்த மூன்று மாதத்தை நம்பி வீட்டில் வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். தை பிறந்ததும் வந்துவிடுவார் என்று மேஸ்திரியிடம் சொல்லி வைக்கிறார்கள். மூன்று மாதத்தில் அவர் காலை ஊன்றத் தொடங்குவதும் உண்மைதான். ஆனால் மறுபடி சாரம் ஏற ஓராண்டு ஆகலாம். ஏறவே முடியாமலும் போகலாம். ஊன்றுவதற்கும் ஏறுவதற்கும் நடுவே இருக்கும் அந்த நீண்ட காலத்தைப் பற்றி அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

குதிகால் அறுவைக்குப் பின் ஒருவர் எந்த அளவுக்குத் தேறுவார் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்க முடியும். அந்தக் கணிப்பை நோயாளிக்குப் புரியும்படி சொல்லும் கடமையும், அது நல்லபடியாக நிறைவேற வழிசெய்யும் கடமையும் கத்தியைப் பிடித்தவரோடு முடிந்துவிடுவதில்லை. வேலை கொடுத்தவர், வீட்டில் இருப்பவர்கள், தொழிலாளர் நலவாரியம், அரசு, நோயாளி என எல்லோரும் அதில் பங்காளிகள். இதை நாம் ஒருமனதாக ஏற்றுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

மொத்த எலும்பு முறிவுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் குதிகால் முறிவு. எண்ணிக்கை சிறிது என்பதாலேயே திட்டம் வகுப்பவர்களின் கண்ணில் அது படுவதில்லை. ஆனால் அது யாருக்கு நேர்கிறது என்று பாருங்கள். கொத்தனார், பெயிண்டர், சென்ட்ரிங் அடிப்பவர், மின்கம்பம் ஏறுபவர், தென்னையும் பனையும் ஏறுபவர். பெரும்பாலும் உழைக்கும் வயதில் இருக்கும் ஆண்கள். காலை ஊன்றி நின்றால்தான் அன்றைய கூலி.

உயரத்திலிருந்து விழுபவர் பலர் காலை ஊன்றியபடியே தரையைத் தொடுகிறார்கள். அப்போது மேலே உள்ள கணுக்கால் எலும்பு, ஆப்பு அறைந்தாற்போலக் குதிகால் எலும்புக்குள் இறங்குகிறது. உள்ளே நுண்துளைகள் நிறைந்த அந்த எலும்பு நொறுங்கி, உயரம் குறைந்து, பக்கவாட்டில் அகன்றுவிடுகிறது. ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு முறிவு மூட்டின் பரப்பையும் பிளந்துவிடும். விழுந்த வேகம் குதிகாலோடு நிற்காமல் முதுகெலும்பையும் உடைத்திருக்கக்கூடும். அதனால் குதிகால் உடைந்து வருபவரின் முதுகையும் பார்ப்பது மருத்துவர்களின் வழக்கம்.

கணுக்காலுக்குக் கீழே இருக்கும் அந்த மூட்டுதான் பாதத்தை உள்ளும் புறமும் சாய்க்க உதவுவது. சமதரையில் நடக்கும்போது அதன் அருமை தெரியாது. வயல் வரப்பில், ஜல்லி கொட்டிய தரையில், சாய்வான கூரையில், ஏணிப்படியில் நிற்கும்போதுதான் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நன்றாக நடந்து காட்டியவர் வேலையிடத்தில் தடுமாறுவது இதனால்தான். "நல்லாத்தானே நடக்கிறான், அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

இந்த முறிவின் போக்கைக் கணிக்கும் முயற்சிக்குக் கிட்டத்தட்ட நூறு வயதாகிறது. வியன்னாவில் விபத்து மருத்துவத்துக்கு வழிகாட்டியாக விளங்கிய லோரன்ஸ் போலர், பக்கவாட்டு எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பின் மேல்விளிம்பில் ஒரு கோணத்தை அளக்கச் சொன்னார். ஆண்டு 1931. நலமான காலில் அது 20 முதல் 40 பாகை வரை இருக்கும். எலும்பு அமுங்க அமுங்கக் கோணம் குறைந்து, மோசமான முறிவில் சுழியத்துக்கும் கீழே போய்விடும். 1993இல் அமெரிக்காவின் ராய் சாண்டர்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும், மூட்டுப் பரப்பு எத்தனை துண்டாகியிருக்கிறது என்பதைச் சி.டி. ஸ்கேனில் எண்ணி முறிவுகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். இரண்டு துண்டாக உடைந்தவர் தேறுவதுபோல நான்கு துண்டாக நொறுங்கியவர் தேறுவதில்லை என்பதை அவர்களுடைய முடிவுகள் காட்டின. இன்றும் உலகெங்கும் எலும்பு மருத்துவர்கள் கையில் எடுப்பது இந்த இரண்டு அளவுகளைத்தான்.

கோணமும் துண்டுகளும் விழுந்த நொடியில் முடிவாகிவிடுகின்றன. அவற்றை யாராலும் திரும்பப் பெற முடியாது. அறுவையால் எலும்பைக் கூடியமட்டும் பழைய வடிவுக்குக் கொண்டுவரலாம். மூட்டுப் பரப்பு எவ்வளவு சீராக அமைகிறதோ அவ்வளவுக்கு நல்ல வாய்ப்பு. கணிப்பின் மீதிப் பகுதி மனிதர்களின் கையில் இருக்கிறது. நாம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

முதலில் தோல். குதிகாலின் வெளிப்பக்கத் தோல் மெல்லியது. அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களும் குறைவு. வீங்கியிருக்கும்போது கீறினால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும், தகடு வெளியே தெரியும் நிலைகூட வரும். அதனால்தான் வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழும்வரை ஒரு வாரம், சில வேளை இரண்டு வாரம் காத்திருக்கிறார்கள். "அட்மிட் பண்ணி எட்டு நாளாச்சு, இன்னும் தியேட்டருக்கே கொண்டுபோகல" என்று உறவினர்கள் பொறுமை இழப்பது இயற்கை. அந்தக் காத்திருப்பும் சிகிச்சையே என்பதை முதல் நாளே ஒருவர் விளக்கிவிட்டால் வார்டில் எழும் மனக்கசப்பில் பாதி எழாது. வீங்கிய காலில் நாட்டுக்கட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு நாள்களைக் கடத்திவிட்டு வருபவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. நாட்டு வைத்தியத்தின் மேல் அவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை இழிவாகப் பேசத் தேவையில்லை. வீங்கிய பாதத்துக்குள் அழுத்தம் ஏறினால் தசையும் நரம்பும் செத்துப்போகும் என்ற ஒரு செய்தி ஊருக்கு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும்.

அடுத்தது பீடியும் சர்க்கரையும். புகைப்பவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தவர்களுக்கும் அறுவைப் புண் கெடும் வாய்ப்புக் கூடுதல் என்பது நெடுநாளாக அறியப்பட்டது. மூன்றாவதை மாற்ற முடியாது. முதல் இரண்டையும் மாற்றலாம். அறுவைக்குக் காத்திருக்கும் அந்த ஒரு வாரத்தில் ஒருவர் பீடியை விட்டுவிட்டு, அறுவைக்குப் பிறகும் தொடாமல் இருந்தால் தன் கணிப்பைத் தானே திருத்தி எழுதுகிறார். பார்க்க வருபவர்கள் அவருக்கு ரகசியமாகத் தீப்பெட்டியும் பீடிக்கட்டும் கொண்டுவந்து கொடுப்பது பாசம் என்று நினைத்துச் செய்யப்படும் தீங்கு.

இந்த அறுவையை அடிக்கடி செய்யும் இடங்களில் தொற்றும், பின்னாளில் மூட்டை இணைத்து இறுக்க வேண்டிய தேவையும் குறைவாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. குதிகால் முறிவு அரிது. அதனால் எல்லா ஊரிலும் எல்லா மருத்துவரும் அதில் கைதேர்ந்தவராக இருக்க முடியாது. சிக்கலான முறிவுகளை மாவட்டத்திலோ மண்டலத்திலோ பழக்கம் மிகுந்த ஒரு குழுவிடம் அனுப்பும் ஏற்பாடு வேண்டும். அனுப்புவதை இழுக்கு என்று மருத்துவர் நினைக்கக்கூடாது. அலைக்கழிக்கிறார்கள் என்று குடும்பமும் எண்ணக்கூடாது.

இனி, இந்தத் துறையில் பெரிதும் பேசப்பட்ட ஓர் ஆய்வு. கனடாவில் ரிச்சர்ட் பக்லியும் அவருடைய குழுவினரும் அறுவை செய்துகொண்டவர்களையும் அறுவையின்றிச் சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டு 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோன்ற முறையில் நோயாளிகளைப் பிரித்து, 309 பேரைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. மொத்தமாகப் பார்த்தபோது இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தொழிலாளர் இழப்பீடு பெற்றுவந்தவர்களைத் தனியே ஒதுக்கிப் பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது: மற்றவர்களில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு மனநிறைவு மிகுதி. இளையவர்கள், பெண்கள், கடினமில்லாத வேலை பார்த்தவர்கள், மூட்டு சீராகப் பொருத்தப்பட்டவர்கள் ஆகியோரும் நல்ல பலன் பெற்றார்கள். இழப்பீடு பெற்றுவந்தவர்கள் எந்தச் சிகிச்சை பெற்றாலும் அவ்வளவாகத் தேறவில்லை.

இதைப் படித்துவிட்டு "பணம் வரும் என்றால் நொண்டத்தான் செய்வார்கள்" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அந்த வாசிப்பை நான் அடியோடு மறுக்கிறேன். இழப்பீடு பெறுபவர் யார்? வேலையிடத்தில் விழுந்தவர். அவர் திரும்பிப் போக வேண்டியதும் அதே ஏணி, அதே சுமை, அதே கரடுமுரடான தரை. அலுவலக நாற்காலிக்குத் திரும்புபவர் பாதி தேறினாலே வேலையைப் பார்த்துவிடலாம். கொத்தனார் முழுக்கத் தேறினாலும் அது போதாமல் போகலாம். வழக்கு எப்போது முடியும், வேலை இருக்குமா, கடன் எப்படி அடையும் என்ற கவலை தூக்கத்தைக் கெடுக்கும். பயிற்சிகளைச் செய்யும் ஊக்கத்தையும் கெடுக்கும். எக்ஸ்ரேயில் தெரியாத இந்தக் காரணங்கள், எக்ஸ்ரேயில் தெரியும் கோணத்துக்கு நிகரான வலிமையோடு ஒருவரின் எதிர்காலத்தை முடிவு செய்கின்றன என்பதே அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். அப்படியானால் வேலை கொடுத்தவரும் இழப்பீட்டு அலுவலரும் கணிப்புக்கு வெளியே நிற்க முடியாது.

பிரிட்டனில் 22 மருத்துவமனைகள் சேர்ந்து 151 பேரிடம் நடத்திய இன்னோர் ஆய்வின் முடிவு 2014இல் வந்தது. இரண்டு ஆண்டு முடிவில் வலியிலும் நடமாட்டத்திலும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பின்விளைவுகளோ அறுவை செய்துகொண்டவர்களில் 23 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 4 விழுக்காட்டினருக்கும் வந்தன. குதிகால் மிக மோசமாக உருக்குலைந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. சிறிய கீறல் வழியாகச் செய்யும் முறைகளும் அதன் பிறகு பரவியிருக்கின்றன. ஆகவே அறுவையே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. யாருக்கு அறுவை உதவும், யாருக்கு உதவாது என்பதைக் கத்தி எடுப்பதற்கு முன்பே நோயாளியோடு பேச வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது. தகட்டை வைத்துவிட்டுக் கணிப்பைப் பேசத் தொடங்குவது காலம் தாழ்ந்த பேச்சு.

எப்படிப் பேசுவது? "எல்லாம் சரியாயிடும்" என்ற ஆறுதலும் "இனி முன்ன மாதிரி இருக்காது" என்ற தீர்ப்பும் இரண்டுமே நோயாளியைக் கைவிடுகின்றன. உங்களைப்போல் உடைந்தவர்கள் நூறு பேரில் இத்தனை பேர் பழைய வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள், இத்தனை பேருக்கு மேடுபள்ளத்தில் நடக்கும்போது வலி தங்கிவிட்டது, சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து மூட்டை இணைக்கும் இரண்டாவது அறுவை தேவைப்பட்டது என்று சொல்லலாம். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் இது விளங்கும். சீட்டுக் கட்டியும் வட்டி எண்ணியும் வாழ்பவர்களுக்கு நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு புதிதா என்ன?

ஆனால் அந்த எண்கள் நம் மக்களுடையவையாக இருக்க வேண்டும். வெளிநாடுகளில் உருவான கணிப்பு அட்டவணைகளையும் கணினி நிரல்களையும் அப்படியே எடுத்து நம் கொத்தனாருக்குப் போட்டுப் பார்ப்பது தவறு. அங்கே பாதத்தின் நலத்தை மதிப்பிடும் மதிப்பெண் முறைகள் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், கைத்தடி வேண்டியிருக்கிறதா, எந்த வகைக் காலணி அணிய முடிகிறது என்றெல்லாம் கேட்கின்றன. நம்மில் பலர் செருப்பே போடாமல் சேற்றில் இறங்கி நடவு நடுபவர்கள். குத்தவைத்து உட்கார்ந்து கம்பி கட்டுபவர்கள், குத்தவைத்தே கழிப்பறையைப் பயன்படுத்துபவர்கள், தரையில் அமர்ந்து சாப்பிட்டு எழுபவர்கள். குத்தவைக்க முடிகிறதா, வரப்பில் நடக்க முடிகிறதா, தலையில் சட்டி சுமந்து படி ஏற முடிகிறதா, நாள் முழுவதும் நிற்க முடிகிறதா என்று கேட்காத மதிப்பெண் நமக்கு அரை மதிப்பெண்தான்.

இந்தத் தரவு வேறெங்கும் இல்லை. நம் அரசு மருத்துவக் கல்லூரிகளின் எலும்பியல் துறைகளில்தான் பிறக்க வேண்டும். அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரையும் ஆறாம் மாதம், ஓராண்டு, இரண்டாண்டு என்று தொலைபேசியிலாவது அழைத்துக் கேட்டு எழுதிவைக்கும் பதிவேடு ஒன்று மாநில அளவில் வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது. ஒரு செவிலியரும் ஒரு கணினியும் தொடர்ச்சியும் இருந்தால் போதும். இப்போதோ தையல் பிரித்ததோடு நோயாளி நம் பார்வையை விட்டுப் போய்விடுகிறார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்து சென்னையிலும் கோவையிலும் கட்டடம் கட்டும் தொழிலாளரோ, காலில் தகட்டோடு ரயிலேறிவிடுகிறார். அவர் எப்படித் தேறினார் என்று நாம் கேட்டதே இல்லை. அவர் கையில் கொடுக்கும் தாள் அவருக்குத் தெரிந்த மொழியில் இருக்கிறதா என்றுகூட நாம் பார்ப்பதில்லை.

அந்தத் தாளைப் பற்றித்தான் முதன்மையான வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன அறுவை, என்ன மாத்திரை என்பதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதோடு தமிழில் ஒரு பக்கம் சேருங்கள்: உங்கள் முறிவு எந்த வகை, எத்தனை வாரம் காலை ஊன்றக்கூடாது, எப்போது வாக்கரோடு நடக்கலாம், எந்த மாதத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகலாம், உயரத்தில் ஏறுவதைப் பற்றி எப்போது முடிவு செய்யலாம், எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும். குதிகால் அறுவைக்குப் பிறகு பொதுவாக 8 முதல் 12 வாரம் வரை பாரம் ஊன்ற விடுவதில்லை. தேறுதலோ ஓராண்டையும் தாண்டி, இரண்டாண்டு வரைகூட நீள்கிறது. இந்த இரண்டு எண்களும் எழுத்தில் கையில் இருந்தால் குடும்பம் கடனைத் திட்டமிடும், மேஸ்திரியிடம் உண்மையைச் சொல்லும், நலவாரியத்திடம் ஆதாரத்தோடு போய் நிற்கும்.

மேஸ்திரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. உங்களிடம் வேலை பார்த்தவர் விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்வது ஊர் வழக்கமாகிவிட்டது. பலர் நல்ல மனத்தோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் அவருக்கு வேண்டியது ஆறாவது மாதத்தில் ஒரு வேலை: சிமென்ட் மூட்டைக் கணக்கு எழுதுவது, சாமான் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொள்வது, புதிய ஆள்களுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுப்பது. சம்பளம் குறைந்தாலும் அந்த வேலை அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1982இலேயே வந்தது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் அமைந்தது. கட்டடச் செலவில் 1 விழுக்காடு அந்தத் தொழிலாளர்களின் நலனுக்கென வசூலாகிறது. வேலையில் காயமடைந்தவருக்கு இழப்பீடு தரும் சட்டம் 1923 முதலே இந்த நாட்டில் உண்டு. தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத காலத்துக்கும் அது வழி சொல்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பல அறுவைகளின் செலவை ஏற்கிறது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்ளும் 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை தொடக்கத்தைத்தான் பார்த்துக்கொள்கின்றன. குதிகாலின் கதையோ 48 மணி நேரத்துக்கு அப்பால், மாதக்கணக்கில் நடக்கிறது. அங்கே கைகொடுக்க 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தயாராக இருக்கிறது. வீட்டுக்கே வந்து இயன்முறை மருத்துவம் செய்வது அதன் ஒரு பகுதி. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குதிகால் நோயாளியின் பெயரும் அன்றைக்கே அந்தப் பட்டியலில் சேரும்படி ஓர் ஆணை பிறந்தால், பயிற்சிக்காக ஆட்டோ பிடித்து நகரத்துக்குப் போக முடியாமல் மூட்டு இறுகிப்போகும் பலர் தப்புவார்கள். நலவாரியம் தரும் உதவி, மருத்துவர் எழுதிக் கொடுத்த காலம் முழுவதற்கும் மாதாமாதம் போய்ச் சேர வேண்டும். ஒருமுறை கொடுத்துக் கைகழுவும் தொகை ஓராண்டுத் தேறுதலுக்குப் போதாது.

வீட்டில் இருப்பவர்களின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. உண்மையில் பெரும்பாரம் அவர்கள் தலையில்தான் விழுகிறது. அவரைக் குளிப்பாட்டுவதும், வெளிக்குக் கூட்டிப்போவதும், இரண்டு பேர் கூலியை ஒருவராகச் சம்பாதிப்பதும் பெரும்பாலும் மனைவி. அவருக்கும் ஒரு கணிப்பு தேவை. மருத்துவர் பேசும்போது அவரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். தான் எத்தனை மாதம் தனியாகச் சமாளிக்க வேண்டும் என்று தெரிந்தவர் தாங்குவார். தெரியாமல் நாள்களை எண்ணுபவர் உடைந்துபோவார்.

நோயாளிக்கும் ஒரு சொல். ஊன்றாதே என்று சொன்ன வாரங்களில் ஊன்றாதீர்கள். ஊன்றலாம் என்று சொன்ன பிறகு பயந்து உட்கார்ந்துவிடாதீர்கள். இரண்டுமே குதிகாலைக் கெடுக்கும். வலி இருக்கும்போது இருக்கிறது என்று சொல்லுங்கள்; குறைந்தபோது குறைந்தது என்றும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் உண்மைதான் அடுத்து விழப்போகிறவரின் கணிப்புக்கு அடித்தளம்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் சாரத்தில் ஏறுபவர்களுக்கு இடுப்புப் பட்டை இருக்கிறதா, அவர்கள் நலவாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று மேஸ்திரியிடம் இந்த வாரமே கேளுங்கள். பதியாதவர் இருந்தால் ஒரு நாள் கூலியைக் கொடுத்துப் பதியச் சொல்லி அனுப்புங்கள்.